அசல் பட்டு

ஆன்சன் வந்து இறங்கியபோது தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் கரண்டை நிறுத்துவார்கள், அன்று அந்த நாள். விடிந்ததும் வீட்டுக்கு வீடு தடதடக்கத் தொடங்கும் விசைத்தறிகள் வாயடைத்துக் கிடந்தன. பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுவது கேட்டது. தெருக்கோடிக் குழாயடியில் குடம் வைக்கும் ஓசை கேட்டது.

குட்டியானை வண்டியின் பின்புறத்திலிருந்து நீளமான அட்டைப்பெட்டி ஒன்றை அணைத்து இறக்கினான் ஆன்சன்.

“இன்னா மச்சான், ஊரே மூச்சப் புடிச்சிகினு நிக்குது. நான் வரேன்னு சொல்லிட்டியா?”

“கத்தாத. உள்ள எடுத்துகினு வா, ஜல்தி” என்றான் தமிழ்வாணன்.

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. தமிழ்வாணன் அப்பா விட்டுப்போன பட்டுச்சேலை வியாபாரத்தில் உட்கார்ந்தான். ஆன்சன் சென்னையில் கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது சைலன்சர் மாற்ற வேண்டும், வீட்டிலேயே வைத்து மாற்றித் தா என்று நண்பன் போனில் கெஞ்சியதில் அவனுக்குக் கொஞ்சம் சிரிப்புதான் வந்தது. ஆரணியிலேயே மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

“வேகத்தடையில இடிச்சி ஒடைச்சிட்டேன். இங்கத்திப் பசங்க கைய வெச்சா இன்னும் பேஜாரு” என்று தமிழ்வாணன் சொல்லியிருந்தான்.

உடைத்தது வேகத்தடை இல்லை.

போன வாரம், விடிந்தும் விடியாத பனியில், படவேட்டுச் சாலை காலியாகக் கிடக்கும் என்று வண்டியை விரட்டிப் பார்க்கப் போனான். திருப்பத்தில் ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தாள். அவளை அவன் பார்த்ததும் வண்டி அவளைத் தொட்டதும் ஒரே நேரம். தரையோடு தரையாகத் தவழும் கார் அது. அவள் மேலே எகிறவில்லை, அடியில் போனாள்.

அப்போதே செத்திருந்தால் அவன் நிறுத்தியிருப்பானோ என்னவோ. அவள் சாகவில்லை. இருக்கைக்குக் கீழே, தகட்டுக்கு அந்தப் பக்கத்தில், அவன் குதிகாலுக்கு நேராக ஒரு குரல் பேசியது.

“நிறுத்துப்பா. தல மாட்டிக்கிச்சி. நிறுத்துப்பா.”

அவன் ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

மாந்தோப்பு தாண்டியதும் உடம்பு கழன்று ரோட்டில் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தான். புரண்டு புரண்டு நின்ற அந்த உருவத்தின் தலை, தோலுரித்த பழம்போல் சிவப்பாக இருந்தது. முடி இல்லை. முடி அவனோடு வந்துகொண்டிருந்தது. சைலன்சர் பிளந்து, கார் காட்டுமிருகம்போலக் கத்திக்கொண்டே ஊருக்குள் நுழைந்தபோது தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. அந்த இரைச்சலில் காரின் சத்தம் கரைந்தது. ஷெட்டில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டவன், இன்றுவரை அதை விலக்கவில்லை.

காரை யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு பால்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தார். சைலன்சர் உடைந்த வண்டி ஏதாவது வந்ததா என்று போலீஸ் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாக விசாரித்துக்கொண்டு போனது. ஆரணி முடிந்து களம்பூர்வரை போய்விட்டார்கள். அடுத்து வீடுகள்தான். அதற்குள் உடைந்த குழாய் காரிலிருந்து கழன்று, மண்ணுக்குள் போயாக வேண்டும். இல்லையென்றால் ஜெயில்.

வீட்டுக்குப் பின்னால் இருந்தது ஷெட். ஒரு பக்கம் விசைத்தறிகள் வரிசையாக நின்றன. மறுபக்கம் வெறும் தரை. முன்பு கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து நெய்த குழித்தறிகளின் பள்ளங்கள் அங்கே கற்பலகை போட்டு மூடிக்கிடந்தன. ஒரு பலகையைப் புரட்டி, பள்ளத்துக்கு மேலாகக் காரை இருவரும் தள்ளி நிறுத்தினார்கள். ஷட்டரை இறக்கியதும் பட்டப்பகல் ஒரு கோடாகச் சுருங்கித் தரையில் கிடந்தது. ஆன்சன் பாட்டரி விளக்கைப் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினான்.

“எங்க ஒர்க்‌ஷாப்புலகூட இப்படி வசதி இல்லடா. உக்காந்த வாக்குல வேல. எனக்கோசரமே வெட்டி வெச்ச மாதிரி கீது.”

“பேச்சக் கொற. கரண்ட் வரதுக்குள்ள முடிக்கணும். வந்துட்டா ஆளுங்க தறிக்கு வந்துடுவாங்க.”

“நட்டெல்லாம் துரு ஏறிக் கெட்டியா கீது. இஞ்சின ஸ்டார்ட் பண்ணி வை. சூடானா எளகும்.”

“ஸ்டார்ட் பண்ணக் கூடாது.”

“ஏன்டா?”

“சத்தம்.”

“ஸ்போர்ட்ஸ் காரு வாங்கிட்டு சத்தம் வேணாங்கற மொத ஆளு நீதான். சரி, அந்த கேஸ் டார்ச்சக் குடு.”

நீலத் தீ சீறியது. குழாயின் இணைப்பில் ஆன்சன் தீயைக் காட்டிய கொஞ்ச நேரத்தில் ஷெட்டுக்குள் ஒரு நாற்றம் எழுந்தது. முதலில் லேசாக. பிறகு நாக்கில் ஒட்டும் அளவுக்கு.

ஷெட்டுக்கும் நூல் சுற்றும் அறைக்கும் நடுச்சுவரில் ஒரு சின்னத் திறப்பு உண்டு, நூல்கண்டுகளைக் கைமாற்ற வைத்தது. அதில் தமிழ்வாணனின் மனைவி காவ்யாவின் முகம் வந்தது.

“என்னங்க, பட்டு எரியுது.”

பட்டு வைத்திருக்கும் வீட்டில் அந்த வார்த்தைக்கு எல்லோரும் ஓடுவார்கள். தமிழ்வாணன் மட்டும் அசையவில்லை. காவ்யாவே அலமாரி அலமாரியாகத் திறந்தாள். பாவு மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள், சாயம் ஏறிய நூல் சிட்டங்களை ஒவ்வொன்றாக மோந்தாள். பிறகு நாற்றம் பிடித்துக்கொண்டே ஷெட்டுக்குள் வந்து கார் முன்னால் நின்றாள்.

“இங்கேர்ந்துதான் வருது.”

“சிஸ்டர், இங்க பைப்புல ஒரே நூலா சுத்திகினு கீது” என்றான் குழிக்குள்ளிருந்து ஆன்சன். “கறுப்பு நூலு. இத எடுத்தாத்தான் நட்டே தெரியும்.”

“ஒரு இழை குடுங்கண்ணா.”

கறுப்பாய், முழ நீளத்தில் ஒன்றை அவன் நீட்டினான். காவ்யா முந்தானையில் கிரீஸைத் துடைத்தாள். தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் அவள். கடைக்காரர்கள் சந்தேகம் வந்தால் சேலையை அவளிடம் கொடுத்தனுப்புவார்கள். அவளும் ஒரு இழை உருவிக் கொளுத்திப் பார்த்துச் சொல்வாள். இப்போதும் தீக்குச்சியைக் கிழித்தாள். இழையின் நுனியில் தீ ஓடவில்லை. சுருண்டது, பொசுங்கியது, அணைந்தது. மிஞ்சிய கரியை விரலிடுக்கில் தேய்த்தாள். உருகி மணியாகாமல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

தமிழ்வாணன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அசல் பட்டு” என்றாள் காவ்யா.

அவனுக்கு மூச்சு திரும்பியது.

“ஆமா. சாயத்துக்கு எடுத்துகினு போனேன் இல்ல, அதுல ஒரு சிட்டம் வழியில உருண்டிருக்கும்.”

“சொல்லவே இல்ல நீங்க. பாருங்க, எப்படி வீணாக்கி வெச்சிருக்கீங்க. முறுக்கு ஏறாத நூலு, பசை போட்ட மாதிரி ஒட்டிகினு கீது. அறுக்காம எடுங்கண்ணா. அலசினா சரியாயிடும். கறுப்புக் கோடு போட நூல் பத்தலன்னு நானே தேடிகினு இருக்கேன்.”

“சிஸ்டர் இருந்தா மச்சான் கோடீஸ்வரன்தான்” என்றான் ஆன்சன்.

தமிழ்வாணன் தடுக்க வாயெடுத்தான். எடுத்ததை மூடிக்கொண்டான். எப்படியும் அதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அவளே சுற்றி எடுக்கட்டும். பிறகு அவளுக்குத் தெரியாமல் அந்தக் கண்டுகளை அடுப்பில் போட்டுவிடலாம்.

“சரி, சுத்து” என்றான்.

நுனியைத் திறப்பு வழியாக இழுத்துக்கொண்டுபோய், காவ்யா ராட்டையின் கதிரில் மாட்டினாள். மோட்டார் வைத்த ராட்டைதான், கரண்ட் இல்லாததால் கையால் சுழற்றினாள். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அந்தத் தெருவில் யாரும் கரண்ட் போனால் சுவிட்சை அணைப்பதில்லை. ராட்டை தானாகச் சுற்ற ஆரம்பித்தால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கிரீச், கிரீச் என்று சக்கரம் சுழன்றது. கறுப்பு இழை காரின் வயிற்றிலிருந்து கிளம்பி, சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கண்டு நிறைந்தது. அதைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு இன்னொன்றை மாட்டினாள்.

ஆன்சனின் கிண்டல் மெல்ல மெல்ல நின்றது.

“மச்சான்.”

“என்ன?”

“வந்துகினே கீதுடா. ஒரு சிட்டத்துல இவ்ளோ நூலா?”

“வேலையப் பாரு.”

“ஈரமா வேற கீது.”

“கிரீஸு.”

“கிரீஸு வெதுவெதுன்னா இருக்கும்? தேங்காண்ண வாசன அடிக்குதுடா. மல்லிப்பூ வாசன.”

ஆன்சன் ஸ்பேனரால் குழாயைத் தட்டினான். இரும்பு கணீரென்று ஒலிக்கவில்லை. தொடையில் அறைந்த மாதிரி சதைச் சத்தம் வந்தது. அதற்குப் பின், பிளந்த துளைக்குள்ளிருந்து யாரோ எச்சில் விழுங்கும் ஓசை.

அவன் விளக்கைத் தூக்கித் துளைக்குள் காட்டினான்.

அப்போதுதான் இழை இறுகியது.

அவன் விரல்களில் சுற்றியிருந்த பகுதி, கம்பிபோல் ஒரே வெட்டாக உள்ளே இறங்கியது. சுட்டுவிரலின் சதை எலும்புவரை பிளந்து ஒதுங்கியது. கத்துவதற்கு வாய் திறந்தவன் கத்தவில்லை. விளக்கு வெளிச்சத்தில் இழையோடு உருவிக்கொண்டு வந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கை அகலத்தில் தோல். அதன் நடுவே வாரிய வகிடு. வகிட்டின் நுனியில் குங்குமம், அன்று காலையில் வைத்ததுபோல் ஈரமாக.

“டேய்” என்றான் மிக மெதுவாக. “இது முடிடா.”

தமிழ்வாணன் குழியின் விளிம்பில் குந்தினான்.

“சத்தம் போடாத.”

“யாருடா அந்தப் பொம்பள?”

“மொதல்ல குழாயக் கழட்டு. அப்பறம் சொல்றேன்.”

“படவேட்டு ரோட்ல செத்தாங்களே. வர்ற வழியில டீக்கடைல பேசிகினாங்க. தல தோலே இல்லன்னு.” ஆன்சன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். “அது நீயாடா?”

“தெரியாம நடந்துச்சி.”

“நிறுத்திப் பாத்தியா?”

தமிழ்வாணன் ஷட்டரைத் திரும்பிப் பார்த்தான்.

“நிறுத்திப் பாத்தியாடா?”

“ஆன்சா, நீ என் பிரெண்டு.”

“நகரு. நான் மேல வரேன். ஸ்டேஷனுக்குப் போறேன்.”

ரத்தம் ஒழுகும் கையைக் கற்பலகையின் ஓரத்தில் ஊன்றி அவன் எழுந்தான். தமிழ்வாணன் பக்கத்தில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்தான். முதல் அடி அந்தக் கையின்மேல் விழுந்தது. முறிந்த எலும்பு குச்சி ஒடிவதுபோல் கேட்டது. அடுத்தது கன்னத்தில். அதற்கடுத்தது கண்ணில். எந்த அடிக்கும் அவன் கத்தவில்லை. அடித்தவன்தான் சின்னப்பிள்ளைபோல் விசும்பிக்கொண்டே அடித்தான்.

கிரீச் நின்றது.

“என்னங்க, என்ன சத்தம்?” சுவருக்கு அந்தப் பக்கம் காவ்யா.

“ஸ்பேனர் விழுந்துச்சி.”

“ஆன்சன் அண்ணா பேச்சையே காணோம். மோர் எடுத்துகினு வரட்டா?”

“வேணாம். நீ எழுந்திரிக்காத. சுத்திகினே இரு.”

“கை வலிக்குதுங்க.”

“சுத்துன்னு சொல்றேன் இல்ல.”

கிரீச், கிரீச்.

அக்குளில் கைகொடுத்து ஆன்சனைத் தூக்கி, தறிகளுக்குப் பின்னால் இழுத்துப் போட்டான். ஆன்சனின் வாயில் ரத்தக் குமிழி ஒன்று ஊதி உடைந்தது. உயிர் இருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் குழாய். ஒரே ஒரு நட்டுதான் பாக்கி. நண்பன் உட்கார்ந்த இடத்தில், அவன் ரத்தத்தின்மேல், கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தான் தமிழ்வாணன். பாட்டரி விளக்கு மங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே கார் வயிற்றின் இருட்டு.

நட்டு சுலபமாகக் கழன்றது. யாரோ உள்ளிருந்து திருப்பிக் கொடுத்ததுபோல்.

குழாய் அவன் மடியில் இறங்கியது.

கனத்தது. இரும்பின் கனம் இல்லை அது. களைத்துப்போன ஆள் சாய்ந்த கனம்.

பிளந்த வாயிலிருந்து சூடான மூச்சு அவன் தாடையில் பட்டது.

“நிறுத்துப்பா.”

அவன் அதைத் தள்ளினான். அது போகவில்லை. முடி ஒரு கொத்தாக அவன் தோள்மேல் வழிந்து, பிடரியைச் சுற்றி, மறுதோளில் ஏறி, சுவரின் திறப்பை நோக்கி நீண்டது. அந்தப் பக்கம் சக்கரம் ஒருமுறை சுழன்றது. இங்கே முடி ஒரு விரல் இறுகியது. மீண்டும் சுழன்றது. மீண்டும் இறுகியது.

“காவ்யா” என்றான். உதடு மட்டும் அசைந்தது.

கிரீச்.

“சுத்தாத.”

குரல் தொண்டையைத் தாண்டவில்லை. இடுக்கில் விரலை நுழைத்து இழுத்தான். விரல்கள் ஒவ்வொன்றாக அறுபட்டன. காலை உதைத்தான். குழிக்குள் உதைக்க இடம் இல்லை. கன்னத்தோடு கன்னமாக, ஈரமாக, ஏதோ ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. பூவும் எண்ணெயும் ரத்தமும் கலந்த வாசனை. அது அவன் காதுக்குள் முணுமுணுத்தது, கோபமே இல்லாமல், வழி கேட்பவள்போல.

“தல மாட்டிக்கிச்சிப்பா.”

அப்போது கரண்ட் வந்தது.

தெரு முழுக்கத் தறிகள் ஒரே மூச்சில் இரைந்தன. இந்த வீட்டின் தறிகளும் ஆளில்லாமலேயே தடதடத்தன. சுவர் அதிர்ந்தது. மோட்டார் பிடித்த ராட்டை காவ்யாவின் கையைத் தட்டிவிட்டுச் சுழன்றது. நல்லவேளை என்று அவள் மணிக்கட்டைப் பிசைந்துகொண்டாள். இழை சரசரவென்று வந்து ஏறியது. கறுப்பாக வந்தது. பிறகு சிவப்பாக வந்தது. சிவப்பு கதிரிலிருந்து தெறித்து அவள் ஜாக்கெட்டில் புள்ளி வைத்தது.

“சாயம் போவுதுங்க” என்று திறப்பைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “நல்ல சாயமே இல்ல இது.”

முழங்கையில் வழிந்ததை விரலால் தொட்டாள்.

சூடாக இருந்தது.

சுவிட்சை அணைத்தாள். ராட்டை நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கினாள். ராட்டை நிற்கவில்லை. வேகம்தான் கூடியது. சக்கரத்தைக் கட்டிப்பிடித்தாள். அது அவளைச் சுவரில் மோதிவிட்டுச் சுழன்றது. திறப்பின் மரச்சட்டம் நடுவே அறுபட்டு விழுந்தது.

அவள் ஷெட்டுக்குள் ஓடினாள்.

கார் ஆடிக்கொண்டிருந்தது. அடியில், குழியிலிருந்து பாதி வெளியே தூக்கப்பட்டு, கழுத்தோடு கார் வயிற்றில் அழுந்தி நின்றுகொண்டிருந்தான் அவள் புருஷன். கண்கள் திறந்திருந்தன. கழுத்தில் முதுகெலும்பு மட்டும்தான் மிச்சம் பிடித்திருந்தது. நெற்றியிலிருந்து பிடரிவரை தலையின் தோல் இல்லை. சுவர்த் திறப்பில் தொங்கிய கடைசி இழைகள் குட்டையாக, கிராப்பு வெட்டியவையாக இருந்தன.

தறிகளுக்குப் பின்னாலிருந்து யாரோ ஊர்ந்து வந்தான். முகத்தில் பாதி இல்லை. அவள் பாதத்தைப் பிடித்தான்.

“சுத்தாதீங்க சிஸ்டர்” என்றான் ஆன்சன். “அது பட்டு இல்ல.”

*

ஆன்சன் பிழைத்தான். ஒரு கண் போயிற்று, வலது கையில் பாதி போயிற்று. நடந்ததையெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே போலீசிடம் சொன்னான். காரையும் குழாயையும் ராட்டையையும் எடுத்துப்போனார்கள். ராட்டை தானாகச் சுழன்றது என்று காவ்யா சொன்னதை இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார், எழுதிக்கொள்ளவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். செத்தவளின் புருஷன் எல்லப்பன். காவ்யாவைப் பார்த்து எழுந்தான். அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தாள்.

“நீங்கதான் பட்டுன்னு நெனச்சி சுத்தினவங்களா?”

“ஆமாங்க.”

“அவ முடி அப்படித்தான் இருக்கும்.” கையைப் பிசைந்தான். “பொண்ணுக்கு ஜுரம் வந்து சாவக் கெடந்தப்ப வேண்டிகினா. பொழைச்சா படவேட்டு ரேணுகாம்பாளுக்கு முடி குடுக்கறேன்னு. பொழைச்சிடுச்சி. முழங்கால் வரைக்கும் வளத்துட்டுதான் குடுப்பேன்னா. அன்னிக்குக் குடுக்கத்தான் போனா. பஸ்ஸுக்குக்கூட நிக்கல. நடந்தே போறேன்னா.”

காவ்யா வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“பேரு உண்ணாமலைங்க” என்றான் அவன். “செத்ததவிட, குடுக்காம போயிட்டாளேன்னுதான் எனக்கு.”

முடி பொசுங்குகிற வாசனை வந்தால் பட்டு. நடக்கத் தெரிந்த வயதில் அவள் கற்ற பாடம் அது. முடியே பொசுங்கினால் என்ன வாசனை வரும் என்று ஒருநாளும் அவள் கேட்டுக்கொண்டதில்லை.

போலீஸ் எடுத்தது போக வீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. முதலில் சுற்றிக் கழற்றிய கண்டு, கூடையில் மற்ற பட்டுக் கண்டுகளோடு கலந்து கிடந்தது. காவ்யா அதை எடுத்து ஒரு மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள். புருஷனுக்குக் காரியம் முடிந்ததும் மாமியார் சுபலட்சுமியிடம் சொல்லிக்கொண்டு படவேடு பஸ் ஏறினாள். தீட்டு என்பதால் கோவிலுக்குள் போகவில்லை. வெளியே முடியிறக்குகிற இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

“இத மொதல்ல போட்டுடுங்க” என்று கண்டை நீட்டினாள். “அப்பறம் என் முடியும்.”

முடியிறக்குகிறவர் கண்டைத் திருப்பிப் பார்த்தார்.

“யாரு வேண்டுதலும்மா?”

“உண்ணாமலைன்னு ஒருத்தங்க.”

“சொந்தமா?”

“ஆமாங்க” என்றாள்.

கத்தி ஏறிய இடமெல்லாம் குளிர்ந்தது. மடியில் விழுந்த தன் முடியை அவளே அள்ளி, அந்தக் கண்டோடு சேர்த்துக் கூடையில் போட்டாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம், ஜன்னல் காற்று படப்பட, நெஞ்சில் ஏதோ இறங்கிப்போனதுபோல் இருந்தது. அன்று படுத்ததும் தூங்கிவிட்டாள். செத்தவன் முகம் வரவில்லை. செத்தவள் முகமும் வரவில்லை.

மறுநாள் வெயில் ஏறியபின்தான் எழுந்து குளித்தாள். தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பின்கட்டுப் படியில் உட்கார்ந்தவளுக்கு மாமியார் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மகன் செத்ததிலிருந்து வாய் திறக்காதவள், மருமகளின் முதுகுக்குப் பின்னால் மேல்படியில் உட்கார்ந்து, இன்றுதான் பேசினாள்.

“ஏம்மா, குளிச்சிட்டு தலைய முடிஞ்சிக்க மாட்டியா? காப்பியில விழுது பாரு.”

காவ்யா கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். வழவழவென்று இருந்தது. சந்தனம் இன்னும் லேசாக ஒட்டியிருந்தது.

“அத்த” என்றாள். “எனக்கு முடி இல்ல அத்த. நேத்து எறக்கிட்டேன்.”

சுபலட்சுமி அதைக் காதில் வாங்கவில்லை. காவ்யாவின் பிடரிக்குப் பின்னால் காற்றில் எதையோ அள்ளினாள். ஈரம் உதறினாள். நீர்த்துளிகள் காவ்யாவின் தோளில் விழுந்தன, தேங்காயெண்ணெயும் மல்லிப்பூவும் மணத்தன. மூன்றாகப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு இழுத்தாள்.

காவ்யாவின் மொட்டைத் தலை வெடுக்கென்று பின்னால் சாய்ந்தது.

“ஆடாம ஒக்காரு” என்றாள் மாமியார். “யம்மா, என்னா கனம்.”